உட்காரும் உயரம்

டெலிவிஷன் பெட்டி என்ற தொடரில் 'பெட்டி' இனி வெறும் பழக்கதோஷம். சென்னையில் 1975 ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பு தொடங்கியபோது வந்ததும், 1982இல் வண்ணம் பூண்டதும், 2006க்குப் பிறகு அரசாங்கம் வீடுவீடாக இலவசமாகக் கொடுத்ததும் பெட்டிகள்தாம். அவற்றுக்கு முதுகு இருந்தது. அறையின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கிடந்தன. சிலவற்றுக்கு இழுத்து மூடும் கதவும் பூட்டும்கூட உண்டு. இப்போது வருவது பலகை. அதற்குச் சுவர் வேண்டும். நம் வீட்டுச் சுவரோ ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற இடம்.

அங்கே இருப்பவர்கள் சாமிகளும் இறந்துபோனவர்களும். 1894இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் படங்களிலிருந்து, கோவில்பட்டியில் கொண்டைய ராஜு வரைந்த காலண்டர் படங்கள் வரை சுவரில் ஏறியவை பெரும்பாலும் அண்ணாந்து பார்க்க ஏறியவை. கண்ணுக்கு நேரே மாட்டியது முகம் பார்க்கும் கண்ணாடியைத்தான். உயரத்தில் மாட்டிய படங்களின் மேல்விளிம்பு சுவரைவிட்டு நாலு விரற்கடை முன்னே சாய்ந்து நிற்கும்படி கயிறு கட்டினார்கள். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து முகத்தை மறைக்காமலிருக்கவும், மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்ப்பதுபோல் இருக்கவும் அது வசதி. இப்போது சாய்க்கும் ஸ்டாண்டு என்று தனி விலைக்கு விற்பது அந்தக் கயிறு செய்த வேலையைத்தான். சித்தாந்தம் எதுவும் பேசாமல், பார்க்கிறவன் நிற்குமிடத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட காரியம் அது.

நம் விமர்சனத்தில் 'பார்வை' என்ற சொல் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறது. இன்னாருக்குப் பார்வை உண்டு, இன்னாருக்கு இல்லை என்று ஒரே வரியில் தீர்ப்பாகிவிடுகிறது. பார்வைக்கு ஓர் உடம்பு இருக்கிறது, அந்த உடம்பு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது என்பது, எங்கள் கூடத்தில் 43 அங்குலத் திரை ஒன்றை மாட்டியபோது எனக்குப் பிரத்யட்சமாயிற்று.

கடையில் எல்லாத் திரைகளிலும் ஒரே மயில், ஒரே அருவி. கண் கூசுகிற பிரகாசம். அங்கே சொல்லப்படுவது எண்ணிக்கை. குறுக்கே 3,840, நெடுக்கே 2,160, ஆக 83 லட்சம் புள்ளிகள். பழைய தரத்தில் வீட்டுக்கு வரும் ஒளிபரப்பில் இருப்பதோ 720க்கு 576, நாலு லட்சத்துச் சொச்சம். வந்த ஒரு புள்ளியை இருபதாக்குவது உள்ளேயிருக்கும் யந்திரத்தின் ஊகம். கேட்டாலொழிய விற்பனையாளர் சொல்லாதது இன்னொன்று. இந்த எல்.சி.டி. திரைகளில் பெரும்பாலும் இரண்டு ஜாதி. வி.ஏ. என்பதில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஆனால் நேரெதிரே உட்கார்ந்தவனுக்குத்தான் அந்தப் பாக்கியம், பக்கவாட்டில் போனால் நிறம் வெளிறிவிடும். ஐ.பி.எஸ். என்பதில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கும். ஆனால் ஓரத்தில் இருப்பவனுக்கும் நிறம் அதிகம் மாறாது. அம்மா உட்காருவது கூடத்துத் தூணோரம், திரைக்குப் பக்கவாட்டில். ஆகவே ஐ.பி.எஸ். வாங்கினேன்.

மாட்ட வந்த இளைஞர் கெட்டிக்காரர். சுவரைத் தட்டிப் பார்த்து, "ஒன்பது அங்குலச் செங்கல், பயமில்லை சார். பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள்ள பிளக் போய்க் கவ்வணும், அவ்வளவுதான்" என்றார். ரசமட்டம் வைத்து, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் பென்சிலால் கோடு கிழித்தார். அங்கே அப்பா படம் இருந்தது. "இதைக் கழட்டிடலாமா சார்? எல்லா வீட்லயும் இந்த உயரந்தான்."

சோபாவில் உட்காருகிறவரின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய 42 அங்குலத்தில் இருக்கும். திரையின் நடுமையம் அந்த மட்டத்தில் இருந்தால் போதும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐந்தடி அதற்கே ஒவ்வாது. ஆனால் என் தகராறு அந்தக் கணக்கோடும்தான். உலகத்தில் எல்லோரும் நாற்காலியில் உட்காருகிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயசு. காலை நீட்டித் தூணில் சாய்ந்து தரையில்தான் உட்காருவாள். டேப்பை வைத்து அளந்தேன். அவள் கண் இருப்பது 26 அங்குலத்தில்.

"எனக்காக எதுக்குடா மெனக்கெடறே? நான் அண்ணாந்து பாத்துக்கறேன். கோயில்ல பாக்கலையா?" என்றாள்.

கோயிலில் அண்ணாந்து நிற்பது ஒரு நிமிஷம். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை அந்தக் கழுத்து அண்ணாந்திருக்க முடியாது. தவிரவும், அவள் வாக்கியத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் இருந்தது. தன் இடம் கீழே, அங்கிருந்து சமாளித்துக்கொள்வது தன் பொறுப்பு என்ற பழக்கம். திரையின் நடுமையத்தை 30 அங்குலத்தில் வைக்கச் சொன்னேன். 21 அங்குல உயரமுள்ள திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலே வந்தது. இளைஞர் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு துளை போட்டார். அப்பா படத்தைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

வந்துபோகிற நண்பர்கள், சோபாவிலிருந்து பார்க்கும்போது கண்ணைத் தாழ்த்த வேண்டியிருப்பதாகக் குறைப்படுகிறார்கள். அவர்களில் இரண்டொருவர் கவிஞர்கள். அவர்கள் சொல்லும்போதுதான் தோன்றிற்று: நம் புதுக்கவிதையை நாம் எந்த உயரத்தில் மாட்டினோம்? நாற்காலிக்காரனின் கண்மட்டத்தில் மாட்டிவிட்டு, தரையில் இருக்கிறவனுக்கு ரசனை இல்லை என்று கட்டுரை எழுதினோம். அவன் அண்ணாந்து பார்த்துப் பழகட்டும் என்றும் சொன்னோம். மறுதரப்பில், அவனுக்காக என்று படத்தையே மங்கலாக்கியவர்களும் உண்டு. எளிமை என்ற பெயரில் நடந்த அந்த மோசடிக்கு நான் ஆளில்லை. எங்கள் வீட்டில் 83 லட்சம் புள்ளிகளில் ஒன்றைக்கூட யாரும் குறைக்கவில்லை. துளை போட்ட இடம் மட்டுமே வேறு. கடினமான ஒரு படைப்பை அதன் கடினத்தோடேயே, இருக்கிறவனின் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து வைப்பது விமர்சகனின் வேலை என்றால், அதில் நாம் செய்தது சொற்பம்தான்.

அம்மாவைத் தரையில் உட்காரக் கூடாதென்று டாக்டர் சொல்லியாயிற்று, மூட்டுக்காக. அவள் இன்னும் கேட்கவில்லை. "நாளைக்குப் பாட்டி நாற்காலிக்கு மாறினா இந்த உயரம் தப்பாயிடுமேப்பா" என்கிறான் மகன். தப்பாகத்தான் போகும். அன்றைக்கு மறுபடி டேப்பை எடுத்து அளந்து, இன்னும் நாலு துளை போட வேண்டியதுதான். ஒன்பது அங்குலச் சுவர், தாங்கும்.