சாகா வீரர்கள்

'சாகா' என்னும் சொல் தமிழில் இறவாமையைக் குறிக்கும். வட ஐரோப்பியரின் பழைய நோர்ஸ் மொழியிலோ அது கதையைக் குறிக்கும். இப்பெயர் தாங்கிய மேசைப் போர் விளையாட்டு ஒன்று 2011ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு நிறுவனமொன்றால் வெளியிடப்பட்டது. வைக்கிங் எனப்படும் வடபுலக் கடலோடிகளும் இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் மக்களும் பொருதிய காலத்தை அது நம் கண்முன் நிறுத்துகிறது. தமிழ்ப் பொருளின்படியும் அதன் வீரர்கள் சாகாதவர்களே. வீழ்ந்தவர்களை விரலால் எடுத்துப் பெட்டியில் வைக்கிறோம். மறுவாரம் அவர்களே மீண்டும் அணிவகுக்கின்றனர்.

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள பங்கொன்றில் நான் சில காலம் பணியாற்றியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதனை எனக்குக் கற்பித்தார். வீரர் ஒவ்வொருவரும் 28 மில்லிமீட்டர் அளவுள்ள சிற்றுருவம். கேடயத்தின் நிறம், தாடியின் நரை அனைத்தையும் அவரே மெல்லிய தூரிகையால் தீட்டியிருந்தார்.

வழக்கமாக ஒவ்வொருவருக்கும் 6 புள்ளிகள். ஒரு புள்ளிக்குத் தலைவனின் மெய்க்காவலர் 4 பேர், அல்லது போர்வீரர் 8 பேர், அல்லது ஏரை விட்டுவிட்டு வந்த குடிமக்கள் 12 பேர் கிடைப்பர். குறிகள் பொறித்த பகடைகளை உருட்டிப் பலகையில் அடுக்கினால் படைகள் நகரும்; சிறப்பு ஆற்றல்களும் கிட்டும். ஓயாது போரிடும் அணிக்குக் களைப்பு சேரும். அக்களைப்பை எதிரி தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். வாழ்வை அறிந்த ஒருவர் வகுத்த விதி இது என்று எண்ணிக்கொண்டேன்.

வைக்கிங் படையின் ஆற்றல்கள் அவர்களுடைய பழைய புராணங்களிலிருந்து பெயர் பெற்றவை. அவற்றுள் ஒன்று 'வல்ஹல்லா'. போரில் மாண்டோர் சென்று சேரும் மண்டபம். கைகலப்பின்போது தன் வீரர் சிலரைத் தானே அகற்றிவிட்டால், அதற்கு ஈடாகத் தாக்குதல் பகடைகள் கிடைக்கும். ஒரு மாலையில் வெற்றி அந்த விதியையே சார்ந்திருந்தது. "மூவரை எடுத்துவிடுங்கள், ஃபாதர், என் தலைவன் வீழ்வான்" என்று ஆசிரியரே வழிகாட்டினார். எடுத்தேன். தலைவன் வீழ்ந்தான். என் உள்ளங்கையில் கிடந்த மூவரில் ஒருவனுக்கு நரைத்த தாடி. விளையாட்டில் அது குற்றமன்று, நல்ல உத்தியே. எனினும், ஒரு மனிதனின் விலை என்ன என்னும் வினா என் உள்ளத்தில் தங்கிவிட்டது.

இவ்விளையாட்டைப் பழிப்பது என் நோக்கமன்று. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போருக்கு விதிநூல் எழுதியபோது, மெய்யான போரைக் காட்டிலும் இச்சிறு போர் எவ்வளவோ மேலானது என்றே வாதிட்டார். அடுத்த ஆண்டே ஐரோப்பா தன் புதல்வர்களை மெய்யான களத்திற்கு அனுப்பியது. அங்கே வீழ்ந்தவர்கள் மறுவாரம் எழுந்து நிற்கவில்லை.

மேசைமேல் நாங்கள் ஆடியதும் ஒருகாலத்தில் மெய்யான போரே. 793இல் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் துறவுமடம் வைக்கிங்குகளால் சூறையாடப்பட்டது. 878 சனவரியில் டேனியத் தலைவன் குத்ரும் சிப்பன்ஹாமைக் கைப்பற்றவே, வெசெக்ஸ் அரசர் ஆல்பிரட் சாமர்செட் சதுப்புநிலத்தில் மறைந்து வாழ நேர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் எடிங்டனில் ஆல்பிரட் வென்றார்; 14 நாள் முற்றுகைக்குப் பின் குத்ரும் பணிந்தான். விளையாட்டாயின் இவ்விடத்தில் முடிந்துவிடும். ஆனால் மூன்று வாரங்கள் கழித்து, குத்ரும் தன் முதன்மை வீரர் 30 பேருடன் ஆலர் என்னும் ஊரில் திருமுழுக்குப் பெற்றான். வென்ற அரசரே அவனுக்கு ஞானத்தந்தையாக நின்றார். 12 நாள் அவனைத் தம்மோடு வைத்து விருந்தோம்பிப் பரிசில்களும் வழங்கினார். பகைவனை மேசையிலிருந்து அகற்ற விதிகள் பல உண்டு. அவனைத் தன் பந்தியில் அமர்த்துவதற்கு நான் கற்ற விளையாட்டில் விதியில்லை.

இதில் அரசியல் கணக்கு இல்லையென்று சொல்லமாட்டேன். பின்னர்க் குத்ரும் ஆண்ட கிழக்கு ஆங்கிலியாவின் டேனியர் 885இல் அமைதியை மீறவும் செய்தனர். ஆயினும் அவ்விருவரும் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்றின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. கொல்லப்பட்டவன் ஆங்கிலேயனாயினும் டேனியனாயினும் இழப்பீடு சமமே என்று அது விதிக்கிறது. மேலோர்க்கு ஒரு தொகை, எளியோர்க்கு ஒரு தொகை என்னும் ஏற்றத்தாழ்வை அது நீக்கவில்லை. ஆனால் நம்மவன் உயிர், பகைவன் உயிர் என்னும் வேற்றுமையை இழப்பீட்டிலிருந்து நீக்கிற்று. அக்காலத்தில் அதுவே பெரிய அடியெடுப்பு அன்றோ?

அதே கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் எட்மண்டை டேனியர் 869இல் கொன்றிருந்தனர். ஒரு தலைமுறை கழிந்தபின், அந்நிலத்தை ஆண்ட டேனியரின் வெள்ளிக்காசுகளில் அந்த எட்மண்டின் பெயர் புனிதர் என்னும் அடைமொழியோடு பொறிக்கப்பட்டது. கொன்றவர் வழிவந்தோர் உப்பும் தானியமும் வாங்கும்போதெல்லாம் கொல்லப்பட்டவரின் பெயரையே கைமாற்றிக்கொண்டனர்.