மானும் குதிரையும் ஒரே புல்வெளியில்... கோடியக்கரைக்கு ஒரு டிரிப்!

பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர் பக்கம் குதிரை என்றதும் நினைவுக்கு வருவது ஐயனார் கோயில் மண்குதிரைதான். கடிவாளமும் கொட்டடியும் இல்லாமல் இஷ்டம்போல் மேயும் நிஜக் குதிரைகளைப் பார்க்க ஆசையா? திருச்சி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குப் புறப்படுங்கள்.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் இந்தக் கடலோரக் காடு, 1967-ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. முக்கியக் காரணம், முறுக்குக் கொம்பு வெளிமான்கள். அவற்றோடு இங்கே மட்டக்குதிரைகளும் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்த குதிரைகளின் வாரிசுகள் இவை. இன்று இவற்றுக்கு எஜமானர் யாரும் இல்லை.

காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போனால், குட்டியோடு மேயும் குதிரைகளை ஆற அமரப் பார்க்கலாம். எப்போது பார்த்தாலும் மேய்ந்துகொண்டே இருக்கிறதே என்று தோன்றும். அதற்குக் காரணம் உண்டு. மாடு, மான் போலக் குதிரை அசைபோடுவதில்லை. புல்லிலிருந்து போதிய சத்தைப் பெற, நாளில் பாதிக்கு மேல் அது மேய்ந்தாக வேண்டும். மேலும் கீழும் முன்பற்கள் இருப்பதால், தரையை ஒட்டிப் புல்லைக் கத்தரித்துவிடும். மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புல்வெளி ஒன்று, பந்தியில் இரண்டு கூட்டம். போதாக்குறைக்கு சீமைக் கருவேலம் வேறு பரவுகிறது. அதன் இனிப்பான காய்களைக் குதிரைகள் விரும்பித் தின்கின்றன. சாணத்தோடு விழும் விதைகள் புதிய இடங்களில் முளைக்கின்றன. தாங்கள் மேயும் புல்வெளி சுருங்கக் குதிரைகளே காரணமாகிவிடுகின்றன! 2018 நவம்பரில் வீசிய கஜா புயல், மான், குதிரை என்ற பேதம் பார்க்காமல் இரண்டையும் பலிகொண்டது.

அதனால் குதிரை அழகாக இருக்கிறதே என்று பிஸ்கட், பழம் எதையும் நீட்டாதீர்கள். வனத்துறையிடம் அனுமதி பெற்று, பாதையிலேயே நின்று, தூரத்திலிருந்து ரசியுங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை போனால் வலசை வரும் பறவைகளையும் பார்க்கலாம். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கை மறக்காமல் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அங்கே புல்லோடு அதையும் மேய்ந்துவிட வாயில்லா ஜீவன்கள் இருக்கின்றன.