விற்கப்போகும் வீட்டில் எதற்குச் செலவழிக்கலாம்? தங்கவயலில் நேரில் பார்த்தது

ராபர்ட்சன்பேட்டையின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகின்றன. கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செழித்திருந்த காலத்தில், மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரில் திட்டமிட்டு எழுப்பிய பேட்டை இது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு ஊரைவிட்டுப் போனவர்கள் ஏராளம். போகாதவர்களில் பெரும்பகுதியினர் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலைப் பிடித்து, பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி வீடு திரும்புகிறார்கள். இப்போது பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையும் பேத்தமங்கலம் பக்கமாகப் போகிறது. அதனால் பேட்டைத் தெருக்களில் வீடு பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். விற்க நினைப்பவர்கள் வீட்டுக்கு முன்னால் மணலும் ஜல்லியும் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

"கொஞ்சம் செலவு பண்ணிட்டு வித்தா நல்ல விலை போகும்" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. எந்தச் செலவு விலையாகத் திரும்பி வரும், எது திரும்பாது என்பதை நேரில் பார்க்கத்தான் இங்கே வந்தேன். ஊரில் பல காலமாகக் கட்டட வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரியும், வீடு வாங்கி விற்க உதவும் ஒரு புரோக்கரும் கூட வந்தார்கள்.

முதலில் பார்த்தது பெமல் (பாரத் எர்த் மூவர்ஸ்) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வீடு. பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். விற்றுவிட்டு அவர்களோடு போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முன்கட்டு பழைய மெட்ராஸ் டெரஸ்: மர உத்திரங்கள், அவற்றின்மேல் செங்குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் காரை. பின்கட்டு பிற்பாடு சேர்த்த கான்கிரீட் தளம். கூடத்தில் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டு, வரிசையாகச் சின்ன விளக்குகள் பதித்திருந்தார்.

"இதுக்குத்தான் தம்பி நிறைய செலவாச்சு. வர்றவங்க உள்ள நுழைஞ்ச உடனே பளிச்சுனு இருக்கணும்ல?" என்றார்.

மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே ஏறினோம். பழைய தளமும் புதுத் தளமும் சேரும் இடத்தில் வீட்டின் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். மேலே பூசியிருந்த சிமென்ட் பல இடங்களில் பெயர்ந்திருந்தது. உத்திரமும் செங்கல்லும் தாங்கும் கூரை வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்குகிற விதம் வேறு, கம்பி கட்டிய கான்கிரீட்டின் விதம் வேறு. இரண்டையும் சிமென்ட் பூச்சால் இறுக்கி ஒட்டினால் அடுத்த கோடைக்குள் பிளந்துவிடும். அந்த விரிசலை அகலமாக வெட்டித் திறந்து, சுத்தம் செய்து, இழுத்தால் இழுபடும் சீலன்ட் அடைத்து, மேலே நீர்க்காப்புப் பூச்சு கொடுத்து, தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் எடுக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. ஃபால்ஸ் சீலிங்குக்கு ஆன தொகையில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதுமாம்.

கீழே இறங்கியதும் புரோக்கர் சொன்னது இந்த வேலையின் சாரம்: "பழைய வீட்டுல புது சீலிங்கைப் பார்த்தா வர்றவங்க சந்தோஷப்படறதில்ல சார். மேல என்னத்தையோ மறைக்கிறாங்கன்னுதான் நினைப்பாங்க. அவங்க கேக்குற முதல் கேள்வி காத்தா யார் பேர்ல இருக்கு. ரெண்டாவது தண்ணி. மூணாவது, மழைக்கு ஒழுகுதா. டைல்ஸ் என்ன கம்பெனின்னு என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல." காத்தா என்பது சொத்துவரிக்காக நகராட்சி வைத்திருக்கும் சொத்துப் பதிவு.

வாங்குபவருக்கு இருக்கும் பயத்தைப் போக்கும் செலவு விலையில் ஏறுகிறது. விற்பவரின் ரசனைக்காகச் செய்த செலவு அப்படி ஏறுவதில்லை, வாங்குகிறவர் அதை இடித்துவிட்டுத் தன் ரசனைக்கு மாற்றிக்கொள்வார். அன்று முழுக்க நான் பார்த்த வீடுகள் எல்லாம் இதற்கே சாட்சி சொல்லின.

பெரியவரின் வீட்டிலேயே சமையலறைச் சுவரில் இடுப்புயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது. மேஸ்திரி சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக் காட்டினார். மேல்வரிசையில் கெட்டியான சத்தம், கீழே இரண்டு வரிசையிலும் பொள்ளல் சத்தம். டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே சுண்ணாம்பு உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஏறும் ஓதம் காற்றுப்பட்டு உலர வேண்டும். சிமென்டும் டைல்ஸும் போட்டு அடைத்தால் அது இன்னும் மேலே ஏறி வேறு இடத்தில் வெளியே வரும். காரணம் வெளியே இருந்தது. பின்முற்றத்தில் மண் கொட்டிக் கொட்டித் தரைமட்டம் வீட்டுக்குள் இருப்பதைவிட உயர்ந்துவிட்டது. அந்த மண்ணை வெட்டி எடுத்து, கூரைத் தண்ணீர் சுவரை ஒட்டி விழாதபடி குழாயில் இறக்கி, அடிச்சுவரைச் சுரண்டிக் காயவிட்டு மறுபடி சுண்ணாம்புக் காரை பூசினால் போதும். வீடு பார்க்க வருகிறவர் மூக்கில் ஈரவாடை அடிக்காமல் இருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு.

மின்சாரமும் பார்த்தோம். 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூரு நகரத்துக்கே அதற்குப் பிறகுதான் கிடைத்தது. அந்தப் பெருமைக்கு மறுபக்கம், சில பழைய வீடுகளில் மரப்பட்டிக்குள் ஓடும் வயரிங் இன்னமும் இருக்கிறது. எர்த் இல்லாத பிளக்கில் கீசரும் ஏசியும் மாட்ட யாருக்கும் துணிவு வராது. புது வயரிங், எர்த், கசிவு மின்சாரத்தை அறுக்கும் டிரிப்பர் சுவிட்ச் மூன்றையும் செய்து முடித்து, எலக்ட்ரீசியன் கையெழுத்திட்ட வரைபடத்தை வாங்குபவரிடம் கொடுத்தால் பேரத்தில் அது பேசும்.

தண்ணீர் கோலார் மாவட்டத்தின் தீராத கவலை. வற்றாத ஆறு எதுவும் இங்கே ஓடவில்லை. அடுத்த தெருவில் நாங்கள் பார்த்த வீட்டில் அலங்காரம் என்று ஒன்றுமில்லை. ஆனால் வாசலடியில் நல்ல கொள்ளளவில் ஒரு சம்பு (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), மொட்டை மாடி மழைநீரை வடிகட்டி அதில் இறக்கும் குழாய், டேங்கர் லாரி நின்று தண்ணீர் விட வசதியாகத் தெருவோரமாகவே மூடி. மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு, மேலே தனி மீட்டர், தனிக் கழிவறை. மேல் போர்ஷனில் பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. இப்படிப்பட்ட வீடு விலைக்கு வந்தால் இரண்டு பேர் போட்டி போடுவார்கள் என்றார் புரோக்கர். வங்கித் தவணையில் ஒரு பங்கை மேல்வீட்டு வாடகை கட்டிவிடும் என்று வாங்குபவர் கணக்குப் போடுகிறார். இருக்கிற இடத்தைத் தனியாக வாடகைக்கு விடும்படி மாற்றும் செலவு தங்கவயல் மாதிரியான ஊரில் நன்றாகத் திரும்பும்.

வெளிநாட்டு அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் வருஷந்தோறும் வெளியாகும் 'காஸ்ட் வெர்சஸ் வேல்யூ' அறிக்கையின் 2024 கணக்கில், காரேஜ் கதவை மாற்றிய செலவு விற்கும்போது ஏறக்குறைய 194 சதவீதமாகத் திரும்பியது. சமையலறையில் சின்ன அளவில் செய்த சீரமைப்பு 96 சதவீதம் திரும்பியது. ஆடம்பரமாகச் செய்த முழுச் சமையலறைப் புதுப்பிப்போ 38 சதவீதம் மட்டுமே. அந்த எண்கள் அந்த நாட்டுக்கு உரியவை, அப்படியே இங்கே பொருந்தா. ஆனாலும் அளவான செலவு திரும்புகிறது, ஆடம்பரச் செலவில் பாதிக்குமேல் கரைந்துவிடுகிறது என்ற பாடம் ராபர்ட்சன்பேட்டைக்கும் சரியாகவே இருக்கிறது.

மதியத்துக்கு மேல் சாம்பியன் ரீஃப் பக்கம் போனோம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் இது. அந்த ஆழத்தில் பாறை வெடித்தால் அதிர்ச்சி மேலே வீடுகள் வரை வரும். இன்றும் இந்தப் பகுதியில் வீடு பார்ப்பவர் முதலில் சுவரைத்தான் பார்க்கிறார். ஒரு வீட்டில் கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடிய விரிசலின் குறுக்கே மேஸ்திரி ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனைகளிலும் சிமென்ட் அப்பி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். சில மாதம் கழித்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் விரிசல் பழையது, பூசினால் போதும். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது முதலில் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும், பெயின்டருக்கு அப்புறம்தான் வேலை. விற்கப்போகிறவர் தேதி போட்ட அந்தக் கண்ணாடியை அப்படியே விட்டுவைத்து வாங்குபவரிடம் காட்டலாம். வாய்வார்த்தையைவிட அதற்கு நம்பிக்கை அதிகம்.

அங்கிருந்து தெரியும் சயனைடு மேடுகள் இந்த ஊரின் அடையாளம். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண் அது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த நைசான தூசு வீடுகளுக்குள் புகுந்துவிடும். மேட்டை ஒட்டிய வீடுகளில் இடுக்கில்லாமல் மூடும் ஜன்னல்தான் பலன் தரும் செலவு. சமையல் மேடைக்குக் கிரானைட் போடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

லைன் வீடுகளுக்குள் போனபோது விஷயமே மாறிவிட்டது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வரிசை வீடுகள் இவை. பலரும் கைக்காசைப் போட்டுத் தகரத்தை எடுத்துத் தளம் போட்டிருக்கிறார்கள், முன்னால் ஒரு அறை இழுத்திருக்கிறார்கள். ஆனால் நிலம் நிறுவனத்தினுடையது. குடியிருக்கும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்று சுரங்கம் மூடிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பத்திரம் கையில் இல்லாத வீட்டைச் சட்டப்படி விற்க முடியாது. எனவே மறுவிற்பனையை நினைத்து இங்கே ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். "ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கலாம்" என்று யாராவது வந்தால் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

அப்படியானால் இங்கே எந்தச் செலவும் வேண்டாமா? வேண்டும், வாழ்வதற்காக. முதலில் கழிப்பறைக்கு. பெஜவாடா வில்சன் பிறந்தது இந்தத் தங்கவயலில். மனிதர் கையால் கழிவை அள்ளிய எடுப்புக் கழிப்பறைகளுக்கு எதிரான அவருடைய போராட்டம் தொடங்கியதும் இங்கேதான். 2016-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்த வரலாறு உள்ள ஊரில், வீட்டுக்குள் தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறையும் முறையாகக் கட்டிய செப்டிக் டேங்கும் வந்தால் குடும்பத்தின் மரியாதையே உயர்கிறது. ஒரு லைன் வீட்டில் ஒரு அம்மா தன் வீட்டுக் கழிப்பறைக் கதவைத் திறந்து காட்டியபோது அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்தேன். அந்தச் செலவை எந்த விற்பனைக் கணக்காலும் அளக்க வேண்டியதில்லை. உரிமைப் பத்திரம் கொடுக்க வேண்டியது அரசின் கடமை. இத்தனை வருஷம் தள்ளிப்போட்டது அநியாயம்.

கடைசியாகப் பெரியவரின் வீட்டுக்கே திரும்பி, காகிதங்களைப் பார்த்தோம். காத்தா இன்னும் அவருடைய அப்பா பெயரில் இருந்தது. கர்நாடகத்தில் 2024 முதல் பத்திரப் பதிவுக்கு இ-காத்தா, அதாவது மின்னணுக் காத்தா, கட்டாயம். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வீடும் பதிவு அலுவலகத்தில் நின்றுபோகும். வாரிசுச் சான்று, வரி ரசீது, வில்லங்கச் சான்று, பின்கட்டுக்கான அனுமதி என ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன்.

வருமான வரியையும் சொன்னேன். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு குடும்பம் வாங்கிய வீடு என்றால், அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். சுரங்கம் மூடி ஒரு மாதமே ஆகியிருந்த தேதி அது. எனவே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் கவனமாக மதிப்பீடு வாங்க வேண்டும். அன்றைய முத்திரைத்தாள் மதிப்பைத் தாண்டிக் காட்ட முடியாது. அந்தத் தேதிக்குப் பிறகு தளம் போட்டது, அறை சேர்த்தது போன்ற நிலையான மேம்பாட்டுச் செலவுகளை லாபத்திலிருந்து கழிக்கலாம், பில் இருந்தால். வழக்கமான வெள்ளையடிப்பு இதில் சேராது. அதனால் மேஸ்திரிக்கும் கடைக்கும் வங்கி வழியாகவே பணம் கொடுத்து ரசீது வாங்கி வைக்கச் சொன்னேன்.

பெரியவர் மிச்சமிருந்த தொகையில் மாடுலர் கிச்சன் போடலாம் என்றிருந்தார். பேசி முடித்தபோது வரிசை மாறியிருந்தது. முதலில் காத்தா மாற்றம், அடுத்து கூரைச் சேர்ப்பும் பின்முற்ற மண்ணும், பிறகு வயரிங், சம்பு. காசு மிஞ்சினால் வெளிர் நிறத்தில் ஒரு பெயின்ட், முன்கதவுக்கு வார்னிஷ், தெருவாசலுக்கு நல்ல விளக்கு. மாடுலர் கிச்சனை வாங்குகிறவரே போட்டுக்கொள்ளட்டும். நாளைக் காலையிலேயே நகராட்சி அலுவலகத்துக்குப் போவதாகச் சொன்னார். தங்கவயலில் வீடு விற்கப்போகிற யாரும் மணல் இறக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அதுதான்.