பாதி நோட்டு

வேப்பந்தட்டையில் பஸ் ஏறி, நடுவில் டேப் ஒட்டிய பத்து ரூபாயை நீட்டினேன். "வேற குடுங்கண்ணே" என்று திருப்பிவிட்டார் கண்டக்டர். எங்கள் பக்கம் ரயில் கிடையாது. ஆத்தூர் வழியாகச் சேலம் போய்த்தான் மும்பை ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயும் சட்டைப்பையில் என்னோடு வந்தது.

மும்பையில் நான் கடலைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். முதலில் போனது, கோட்டை வட்டாரத்தில் சர் பி.எம். சாலையில் ரிசர்வ் வங்கி நடத்தும் பண அருங்காட்சியகத்துக்கு. 2004இல் அப்துல் கலாம் திறந்துவைத்தது. காசுகளை வேகமாகத் தாண்டினேன். எனக்குக் காகிதப் பித்து.

1861 வரை வங்காள வங்கி, பம்பாய் வங்கி, 1843இல் தொடங்கிய மதராஸ் வங்கி எல்லாம் ஆளுக்கொரு நோட்டு வெளியிட்டன. வங்காள வங்கி நோட்டொன்றில் துறைமுகத்தோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், வணிகமே பெண்ணுருவில்!

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னும் கூத்து. ஆயிரக்கணக்கில் வங்கிகள், தனித்தனி நோட்டுகள், 3 டாலர் நோட்டுகூட உண்டு. வங்கியைவிட்டுத் தூரம் போகப்போக மதிப்பு தேயும். எதற்கு எவ்வளவு கழிவு என்று அச்சிட்ட கையேட்டைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் வாங்கினார்கள். திவாலான அந்த வங்கிகளின் தாள்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது, இங்கே 1861க்குப் பிறகு அந்த வங்கி நோட்டுகளின் இடத்தில் வந்த, விக்டோரியா ராணி படம் போட்ட அரசு நோட்டு. வெளியூருக்கு அனுப்ப அதை இரண்டாக வெட்டுவார்களாம். ஒரு பாதி தபாலில் போகும். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தபிறகே மறுபாதி கிளம்பும். வழியில் திருடியவன் கையில் வெறும் துண்டுக் காகிதம்! தந்தி, வங்கிக் கணக்கு எதுவும் வேண்டாம். ஒரு கத்தரிக்கோல் போதும். இதைவிடச் சிக்கனமான பாதுகாப்பை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கள்ளநோட்டுக்காரர்களிடம் கத்தரிக்கோல் பலிக்கவில்லை. 1867இல் அந்த வரிசையையே மாற்ற வேண்டி வந்தது.

இன்னொன்று: அரசு நோட்டுகள் வட்டம் வட்டமாகப் பிரித்து வெளியிடப்பட்டன. சென்னை வட்டத்து நோட்டைக் கல்கத்தாவில் கொடுத்து வெள்ளிக்காசு கேட்க உரிமை கிடையாது. 1903 தொடங்கி 1911க்குள்தான் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் ஒவ்வொன்றாக நாடு முழுதும் செல்லுபடியாயின.

கண்ணாடிக்கு முன்னால் நின்று என் பத்து ரூபாயை எடுத்துப் பார்த்தேன். டேப் மஞ்சளாகி, எழுத்தைத் தின்றிருந்தது. உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய நோட்டு கிடந்தால், தயவுசெய்து டேப் ஒட்டிவிடாதீர்கள்.