ஒட்டு ரெடி, ஒட்டத்தான் ஆளில்லை

கோட் ரெட் என்பது அமெரிக்காவில் விற்கிற ஒரு சிவப்புக் குளிர்பானம். மவுன்டன் டியூ வகையறா. 2001 ஜூலையில் அதைக் குடித்துக்கொண்டே ஒரு புது கம்ப்யூட்டர் புழுவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்த இளைஞர்கள், புழுவுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

புழு நுழைந்த வழி, மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். நீங்கள் வெப்சைட் முகவரியைத் தட்டினால், கேட்ட பக்கத்தை எடுத்து நீட்டுகிற சர்வர் மென்பொருள். பாங்க் கவுன்ட்டர் கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

காமர்ஸ் படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பணம் எடுக்கும் சீட்டில் பெயருக்கு ஒரு கட்டம். பக்கத்திலேயே 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று இன்னொரு கட்டம். ஒருத்தன் வேண்டுமென்றே பெயரை நீட்டி முழக்கி எழுத, அது அடுத்த கட்டத்துக்குள் வழிந்து, 'பத்து லட்சம் கொடுக்கவும்' என்று முடிகிறது. கிளார்க்கும் மேனேஜர் உத்தரவு என்று எண்ணிக் கொடுத்துவிடுகிறார்! பஃபர் ஓவர்ஃப்ளோ என்பது இவ்வளவுதான்.

வைத்தியம்? கட்டம் தாண்டி எழுதினால் சீட்டைத் திருப்பிக் கொடு என்று கிளார்க்குக்குச் சொல்லித்தருவது. பேட்ச் என்பார்கள். நம்ம பங்ச்சர் கடை ஒட்டு மாதிரி.

மைக்ரோசாஃப்ட் அந்த ஒட்டை வெளியிட்டது 2001 ஜூன் 18-ல். இலவசமாக. புழு ஊர் மேய்ந்தது ஜூலை 19-ல். நடுவில் முழுசாக ஒரு மாதம். அப்படியும் 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கம்ப்யூட்டர்கள் காலி.

ஏன் ஒட்டவில்லை? சோம்பல் மட்டுமில்லை. விண்டோஸ் 2000 சர்வரைப் போட்டால் ஐ.ஐ.எஸ்.ஸும் தானாகக் கூடவே வந்துவிடும். தன் வீட்டில் அப்படியொரு வாசல் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவருக்கோ, 'ஓடற வண்டியை ஏன் நிறுத்தணும்?' கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் புழு போய்விடும். 'அப்பாடா!' ஆனால் ஓட்டை அப்படியே இருக்கிறதே? புழு திரும்ப வந்தது.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வெப் மென்பொருளுக்கு ஒட்டு வந்தது. ஒட்டு வந்த அன்றே ஓட்டை எங்கே என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஓட்டப்பந்தயம்தான். எக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் அந்தச் சர்வரைக் கோட்டை விட்டது. மே மாதம் திருடன் உள்ளே. சுமார் 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் போச்சு. அவர்கள் எந்த லிங்க்கையும் க்ளிக்கவில்லை. யாருக்கும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. யாரோ ஒருத்தர் ஒட்டாமல் விட்டதற்கு இவர்கள் தண்டம் அழுதார்கள்.

உங்கள் ஆபீஸ் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் நாளைக்கே கேளுங்கள்: 'சர்வருக்குக் கடைசியா எப்ப பேட்ச் போட்டீங்க?' தேதி சொன்னால் காபி வாங்கிக் கொடுங்கள். 'அதெல்லாம் நல்லாத்தான் சார் ஓடிட்டிருக்கு' என்றால், ஒட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். காபி அப்புறம்.