ஜீலம் கரையில் ஒரு தோல் பந்து

ஸ்பெயினுக்குள் கால்பந்து ஒரு சுரங்கத்தின் வழியே நுழைந்தது. ரியோ டின்டோ செப்புச் சுரங்கத்தைச் சார்ந்திருந்த பிரித்தானியர்கள், வில்லியம் மெக்கே என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் முன்முயற்சியில் 1889ஆம் ஆண்டு உயெல்வா நகரில் ஒரு கழகம் கண்டனர். தங்கள் பொழுதுக்காகத் தாங்களே ஆடிய ஆட்டம் அது. உள்ளூரார் பின்னர் சேர்ந்துகொண்டனர். இரண்டே ஆண்டுகள் கழித்து ஸ்ரீநகரில் பந்து உருண்ட கதை வேறு. அங்கே ஆங்கிலேயர் ஆடவில்லை, ஆட்டுவித்தார்.

அவர் பெயர் டிண்டேல் பிஸ்கோ (1863-1949). 1884ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டை வென்ற கேம்பிரிட்ஜ் படகில் சுக்கான் பிடித்தவர். 1890இல் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு வந்தார். மாணவர்களுள் பெரும்பாலோர் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். உடல் வருந்தும் எந்தச் செயலும் அவர்களுக்கு இழிவு. 1891இல் அவர் பந்தைக் காட்டியபோது, அது எதனால் ஆனது என்று கேட்டார்கள். தோல் என்றதும், எடுத்துப்போகச் சொன்னார்கள். அவரோ ஆசிரியர்கள் கையில் கம்பைக் கொடுத்து மைதானத்தைச் சூழ நிறுத்தினார். பையன்கள் வேறு வழியின்றி உதைத்தார்கள். பந்து ஒருவன் முகத்தில் பட்டது. தீட்டாகிவிட்டதென்று அவன் அழுதான். கால்வாயில் முகம் கழுவிவரச் செய்தார், ஆட்டம் தொடர்ந்தது. இதைப் பிஸ்கோவே பெருமிதத்தோடு எழுதிவைத்திருக்கிறார்.

அந்தப் பையனைப் பார்த்து நாம் சிரித்துவிட முடியுமா? வேங்கிக்காலில் நாம் கேட்டு வளர்ந்த சாவுப் பறையும் தோல்தான், அண்ணாமலையார் கோயில் தவிலும் தோல்தான். ஒன்று தெருவோடு நின்றது. மற்றொன்று கோயிலுக்குள் போயிற்று. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூல், பசுவின் தோலில் பிறக்கும் நாதத்தை மேடை கொண்டாடியதையும், அத்தோலைப் பதப்படுத்திய கைகளை மறந்ததையும் ஒருங்கே பேசுகிறது. தீட்டு ஒருபோதும் தோலில் இருந்ததில்லை. அதைத் தொட்டவர் யார் என்பதில் இருந்தது.

பிஸ்கோவின் கம்பையும் நாம் ஏற்பதற்கில்லை. அதில் ஆள்பவரின் ஏளனம் இருந்தது. சாதியை உடைப்பதாகச் சொன்ன கை, வெள்ளையரின் மேட்டிமையைத் தொடாமலே விட்டது. ஆயினும் அழுத பையன் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தான். பண்டிதர் வீட்டுப் பிள்ளையின் தீட்டு ஒரு கை நீரில் போய்விடுமானால், தோல் பதனிடுவோர் மேல் தலைமுறை தலைமுறையாகச் சுமத்திய தீட்டு மட்டும் எந்த நீரிலும் போகாமல் நின்றது எப்படி? அந்தக் கால்வாய்க் கரையில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி இது. பிஸ்கோ அதைக் கேட்கவில்லை.

2014ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பிறகு, வேலையின்றி நின்ற ஸ்ரீநகர் இளைஞர்களுக்கு இரு நண்பர்கள் பந்துகளை வழங்கினார்கள். அதிலிருந்து 2016இல் ரியல் காஷ்மீர் கழகம் பிறந்தது. நண்பர்களில் ஒருவர் முஸ்லிம், மற்றவர் பண்டிதர்.