கணினிக்கு முன் ஒரு சொட்டு இரத்தம்

விக்டோரியா ஏரியின் கென்யப் பகுதியில் இருக்கிறது ம்ஃபங்கானோ தீவு. 2018இல் நடந்த தேசிய ஆய்வின்படி கென்யாவில் வயதுவந்தோரில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. இத்தீவு அடங்கிய ஹோமா பே மாவட்டத்திலோ அது 20ஐ நெருங்கியது. மீன் வாங்கி விற்கும் பெண்கள், மீன் கிடைப்பதற்காகப் படகுக்காரர்களோடு உறவுகொள்ள நேரும் வழக்கம் அக்கரைகளில் பரவியிருந்தது. அதற்கு 'ஜபோயா' என்று ஒரு பெயரே உண்டு.

எந்தச் சிக்கலுக்கும் ஒரு செயலி போதும் என்று பேசும் கூட்டங்களில் கழிகிறது என் தொழில். அதனால்தான் இத்தீவின் கதை என்னை நிறுத்தியது. தீவு மக்கள் வெளிநாட்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சமூக நிலையம் அமைத்தார்கள். பெயர் 'எக்கியாலோ கியோனா'. சுபா மொழியில் 'முழு உலகம்'. அங்கே கணினியும் இணையமும் இலவசமாகக் கிடைத்தன. நிபந்தனை ஒன்றுதான்: 6 மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை.

இரத்தம் கொடுத்தால்தான் இணையமா, இது வற்புறுத்தல் அல்லவா என்று முதலில் தோன்றியது. ஆனால் கேட்கப்பட்டது பரிசோதனை மட்டுமே. அதன் முடிவு அல்ல. சிறிய ஊரில் மருத்துவமனை வாசலில் நிற்பவரை எல்லாக் கண்களும் பார்க்கும். கணினி பழகப் போகிறவரைப் பார்த்து யார் என்ன ஊகிக்க முடியும்?

இன்னொன்றும் செய்தார்கள். நோயாளி தானே தேர்ந்தெடுத்த உறவினரும் நண்பர்களும் ஒரு குழுவாகக் கூடி, நோயைப் பற்றிக் கற்று, தங்கள் நிலையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இக்குழுக்களில் சேர்ந்தவர்கள் 3 மாதமோ அதற்கு மேலோ சிகிச்சைக்கு வராமல் போவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

என் சித்தி ஒருவர் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ள வாடகைக் காரில் தனியாகப் போய்வந்தார். மகளின் கல்யாணம் முடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்பது வீட்டு ஏற்பாடு. கல்யாணம் சிறப்பாகவே நடந்தது. அவர் கையைப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் எல்லோரும் பந்தியில் இருந்தோம்.

எச்.ஐ.வி. மாத்திரை ஆயுள் முழுக்க, நாள்தோறும் விழுங்க வேண்டியது. ஒளித்து விழுங்குகிறவர் நாள்தோறும் ஒளிக்கவும் வேண்டும். மறைக்கச் செலவாகும் அந்தத் தெம்பைத்தான் தீவுக்காரர்கள் மிச்சப்படுத்திக் கொடுத்தார்கள்.

நமது சங்கங்களின் பொங்கல் விழாக்களில் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை போடுகிறோம். பக்கத்தில் இதற்கும் ஒரு மேசை போடலாம். வரிசையில் முதல் ஆளாகச் சங்கத் தலைவர் நிற்கட்டும்.